பதினொரு பேர் சத்தியம் பண்ணிய வீடு

எங்கள் ஊரில் ஒரு பலகாரத்தையோ ஒரு பேச்சையோ யாராவது "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டால், அதைவிடக் கெட்ட வார்த்தை எங்களிடம் கிடையாது. நாங்கள் அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துக்காரர்கள், முகத்துக்கு நேரே திட்ட மாட்டோம். நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் ஒரு கேக் துண்டைக் கொடுத்து, காபியும் ஊற்றி, அதற்கப்புறம்தான் ஆளைக் கவிழ்ப்போம். அர்டிஸ் லாத்ராப்பையும் அப்படித்தான் கவிழ்த்தோம். கவிழ்த்தோம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கூட்டத்தில் நானும் கேக் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அர்டிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். இந்த ஊரில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவள் கையால் தின்று வளர்ந்த உடம்புதான். கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் மாதம் முதல் சனிக்கிழமை முதல் குடியேறிகள் விழா நடக்கும். அன்றைக்கு இருநூறு பேருக்கு உருளைக்கிழங்கு சாலட் அவள்தான் செய்வாள். மேஜைக்குப் பின்னால் வெயிலில் நின்று பரிமாறுவாள். மேஜைக்கு முன்னால் நிழலில், நெஞ்சில் நீல ரிப்பனைக் குத்திக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

நாங்கள் என்றால் முதல் குடும்பங்கள் சங்கம். 1848க்கு முன்னால் இங்கே வந்து, சொந்த நிலத்தில் சொந்த வீடு வைத்திருந்தவர்களின் வாரிசுகள். மொத்தம் பதினொரு குடும்பம். என் பெயர் மெர்ல் டட்டில். என் தாத்தாவுக்குத் தாத்தா ஆசா டட்டில் அந்தப் பதினொருவரில் ஒருத்தர். இதற்காக நான் செய்த சாதனை என்னவென்றால், பிறந்தேன்.

சங்கத்தின் தலைவி கோரின் ஹாலன்பெக். இருபத்தாறு வருஷமாக அவள்தான். அதற்கு முன்னால் அவள் அம்மா. ஹாலன்பெக் குடும்பத்துக்கு எண்ணூறு ஏக்கர் சோளமும் சோயாவும் இருக்கிறது. கோர்ட் முன்னால் புல்வெளியில் ஒரு மரவீடு நிற்கிறது. அதன் பெயரே ஹாலன்பெக் வீடு. கோரினுடைய முப்பாட்டன் ஜோதம் ஹாலன்பெக் குடியிருந்த முதல் வீடு மாதிரியே, அவர்கள் வீட்டுப் பழைய படம் ஒன்றைப் பார்த்து, 1976இல் கட்டினது. ஒரு கதவு, ஒரு ஜன்னல். ஜன்னலில் நாலு கண்ணாடி. அதில் ஒன்று உடைந்து, சிவப்புத் துணி அடைத்திருக்கும். வருஷா வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவாள் கோரின். "இது எங்க ஜோதம் தாத்தா வேட்டைக்குப் போட்ட சட்டை. குளிர்ல பிள்ளைங்க நடுங்கக் கூடாதுன்னு தன் சட்டையக் கழட்டி ஜன்னல்ல அடைச்சாரு" என்பாள். டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டுக்கு அடியில், படத்தில் இருந்தபடியே, தரையோடு இழுப்பதற்கான இரண்டு பெரிய சறுக்குக்கட்டை உண்டு. விழா அன்றைக்கு அதற்குச் சக்கரத் தட்டு வைத்து ஊர்வலத்தில் இழுத்துக்கொண்டு போவோம். இழுக்கிற டிராக்டர் என்னுடையது. உள்ளே ஜன்னலோரம் பழங்காலத் துணித்தொப்பி கட்டிக்கொண்டு கோரின் கையாட்டுவாள். பழைய படத்தில் இருந்த வீட்டுக்கு எதற்குச் சறுக்குக்கட்டை என்று நாற்பத்தைந்து வருஷத்தில் ஒரு ஆள் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

போன வருஷம் ஊருக்கு நூற்றெழுபத்தைந்தாவது ஆண்டு. பதினொரு குடும்பத் தலைவர்கள் பெயரையும் கருங்கல்லில் வெட்டி, அந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்தி, விழா அன்றைக்கு இரண்டு மணிக்குத் திறப்பது என்று முடிவாயிற்று. அப்போதுதான் அர்டிஸ் சங்கத்தின் விண்ணப்பப் படிவம் கேட்டு என்னிடம் வந்தாள். பன்னிரண்டாவதாக கெசையா லாத்ராப் பெயர் வர வேண்டுமாம். கெசையா, அர்டிஸுடைய தாத்தாவுக்குப் பாட்டி.

எங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகம் என்று ஒன்று இருக்கிறது. ஜோதமுக்கு அதில் நாலு பக்கம், தாடியோடு படம். ஆசாவுக்கு ஒன்றரைப் பக்கம். கெசையாவுக்கு ஒரே வரி: "அக்காலத்தில் லாத்ராப் என்ற விதவையும் இங்கிருந்தாள், நன்றாகத் துணி வெளுப்பாள்." அவ்வளவுதான் அந்த மனுஷியின் வாழ்க்கை.

"எங்கப்பா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு மெர்ல், நாமதான் முதல்ல வந்தோம்னு" என்றாள் அர்டிஸ். "ஊரே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அதான் உறுத்துது. கல்லுல பேரு வரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பழைய நில அலுவலகத்துச் சத்தியப் பத்திரத்தை அப்படியே பார்த்து எழுதினது, கோரினின் அம்மா செய்த வேலை. கடைசியில் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்: "மேற்கண்டவரின் நிலத்தில் வீடு நிற்பதை எங்கள் கண்ணால் பார்த்தோம்." நான் பிறந்தது 1951. அந்த 1847ஆம் வருஷத்து வீடுகளைக் கண்ணால் பார்த்ததாக நான் இதுவரை ஒன்பது படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பேனா கூட நடுங்கியதில்லை.

அர்டிஸின் படிவத்தைக் கோரின் திருப்பி அனுப்பினாள். நிலத்துக்கு ஆதாரம் இல்லை, வீட்டுக்கு ஆதாரம் இல்லை. கூடவே ஒரு டப்பா நிறைய பிஸ்கட்.

அர்டிஸ் விடுகிற ஆள் இல்லை. வாஷிங்டனில் பழைய நிலப் பத்திரங்கள் வைத்திருக்கிற இடத்துக்கு எழுதிப் போட்டாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. கெசையா லாத்ராப், விதவை, நூற்றறுபது ஏக்கர், விண்ணப்பம் நிராகரிப்பு. காரணம், பக்கத்து நிலத்துக்காரர் ஜோதம் ஹாலன்பெக் பைபிள் மேல் கை வைத்துச் சொன்ன சாட்சி: "1847 மார்ச் நாலாம் தேதி அந்த விதவையின் நிலத்துக்குப் போனேன். வீடு எதுவும் இல்லை. நாலு மூலைக் கல்லும், பனியில் இரண்டு நீளக் கோடும்தான் இருந்தன."

நானாக இருந்தால் அதோடு அழுதுவிட்டுப் படுத்திருப்பேன். அர்டிஸ் சமையல்காரி. பானையில் இருந்தது காணோம் என்றால் யார் தட்டில் போயிருக்கும் என்றுதான் பார்ப்பாள். பனியில் இரண்டு நீளக் கோடு என்றால் எதையோ இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று யோசித்து, எங்கள் பதினொரு குடும்பத்துப் பத்திரங்களையும் ஒவ்வொன்றாக வரவழைத்தாள். ஏப்ரலில் ஒரு நாள் எனக்குப் போன் வந்தது.

"மெர்ல், உன் மூக்குக் கண்ணாடிய எடுத்துக்கிட்டு வா."

அவள் சமையல் மேஜை மேல் பதினொரு காகிதத்தையும் வரிசையாக அடுக்கியிருந்தாள். முதலாவது எங்கள் ஆசாவுடையது. பிப்ரவரி பதினொன்று. "என் நிலத்தில் வீடு உள்ளது. ஒரு கதவு. ஒரு ஜன்னல், நாலு கண்ணாடி, ஒன்று உடைந்து சிவப்புத் துணி அடைத்தது." எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எங்களுக்கும் ஹாலன்பெக் வீடு மாதிரியே இருந்திருக்கு பாரு" என்றேன்.

"அடுத்ததப் படி" என்றாள்.

அடுத்தது பிப்ரவரி பதிமூன்று, வேறொரு குடும்பம். ஒரு கதவு. ஒரு ஜன்னல், நாலு கண்ணாடி, சிவப்புத் துணி. அடுத்தது பதினைந்து. சிவப்புத் துணி. அதற்கடுத்தது பதினேழு. ஆறாவது காகிதம் வரும்போது என் நெஞ்சு பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது. கடைசிக் காகிதம் ஜோதமுடையது. மார்ச் நாலு, விதவை நிலத்தில் வீடு இல்லை என்று அவர் சொன்ன அதே தேதி. அதே கதவு, அதே ஜன்னல், அதே துணி. வீடு அன்றைக்கு ஜோதம் நிலத்தில் நின்றதைக் கண்ணால் பார்த்ததாகச் சாட்சி சொன்ன உத்தமர் யார் தெரியுமா? ஆசா டட்டில்.

"பதினொரு வீட்டுலயும் அதே கண்ணாடி எப்படி மெர்ல் உடையும்?" என்று கேட்டுவிட்டு அர்டிஸ் எனக்குக் காபி ஊற்றினாள்.

விஷயம் இதுதான். நிலம் அளக்கிறவர்கள் வருவதற்கு முன்பே கெசையாவும் அவள் புருஷனும் வந்துவிட்டார்கள். எல்லைக்கோடு எங்கே விழுமோ, விழுகிற இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம் என்று வீட்டைச் சறுக்குக்கட்டை மேல் கட்டினது கெசையாவின் மூளை. முதல் கோடையிலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இரண்டு பிள்ளை, ஒரு ஜோடி எருது, இந்த வீடு. அதற்கப்புறம் ஒவ்வொருத்தராக வந்தார்கள் எங்கள் மகா புருஷர்கள். வண்டிக்கு அடியிலும் குழிக்குள்ளும் படுத்துக்கொண்டிருந்தவர்கள். அரசாங்கம் நிலத்தை ஏலம் விடுவதற்கு முன்னால், நிலத்தில் வீடு இருக்கிறது என்று சத்தியம் பண்ணினால்தான் நிலம் கிடைக்கும் என்பது சட்டம். வீடு கட்ட ஒருத்தனுக்கும் உடம்பு வளையவில்லை. நிலம் உறைந்து கிடக்கிற மாதம். விதவையிடம் போய், ஒரு நாளைக்கு வீடு கொடும்மா என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் போய் நின்றது எங்கள் ஆசா, தேதி சொல்கிறது.

கெசையா ஒன்றும் புனிதவதி இல்லை. எதற்கு வீடு கேட்கிறார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருத்தனிடம் பன்றித் தொடை, இன்னொருத்தனிடம் சோளமாவு என்று வாங்கிக்கொண்டு கொடுத்தாள். பிள்ளைகளை உள்ளே வைத்து, அடுப்பில் கஞ்சி கொதிக்கக் கொதிக்கவே வீடு நிலம் நிலமாகப் போயிருக்கும். உடைந்த கண்ணாடிக்கு அடைத்தது அவளுடைய சிவப்பு உள்பாவாடைத் துணி. அதையும் அவளே எழுதியிருக்கிறாள், நிராகரித்த பத்திரத்தோடு இருக்கிற ஒரு கடிதத்தில். எங்கள் ஊரில் மூன்று தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் மரியாதையோடு பார்த்தது அதைத்தான்.

அந்தக் கடிதத்தை அர்டிஸ் எனக்குப் படித்துக் காட்டினாள். "நான் பிள்ளைகளோடு என் நிலத்துக்கு மனுக் கொடுக்க நில அலுவலகத்துக்கு நடந்து போனேன். போகவர மூன்று நாள். வீட்டையும் எருதையும் திரு. ஹாலன்பெக்கிடம் அன்று சாயங்காலம் வரைக்கும் என்றுதான் கொடுத்தேன்." அதற்குக் கீழே குமாஸ்தா இரண்டே வார்த்தை எழுதியிருக்கிறான்: சாட்சி இல்லை.

எப்படி இருக்கும் சாட்சி? வீடு கெசையாவுடையது என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் பதினொரு பேரும் பொய்ச் சத்தியத்துக்கு உள்ளே போக வேண்டும். வாயை மூடிக்கொண்டார்கள். அவள் நிலத்தை ஏலத்தில் எடுத்தது ஜோதம். வீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. தன் வீடென்று சத்தியம் பண்ணியாயிற்றே. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் கெசையா அந்த ஜோதம் வீட்டிலேயே துணி வெளுத்து, சமைத்துப் போட்டுச் செத்தாள். அவள் மருமகளும் அங்கேதான் சமைத்தாள்.

ஜூன் மாதம் சர்ச் கீழ்த்தளத்தில் சங்கக் கூட்டம். அர்டிஸ் பதினொரு காகிதத்தையும் மேஜையில் பரப்பி, கெசையா கடிதத்தையும் பக்கத்தில் வைத்தாள். எல்லோரும் குனிந்து படித்தார்கள். ஃபோர்க் சத்தம் நின்றது. கோரின் நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வித்தியாசமா இருக்கு" என்றாள்.

"யாரையும் கல்லுலேர்ந்து எடுக்கச் சொல்லல கோரின். அவ பேரையும் போடுங்கன்னுதான் கேக்குறேன்."

"எனக்கும் ஆசைதான்ம்மா. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்குல்ல. அவங்க இங்க இருந்தாங்க, சரி. நிலமும் அவங்களுதுன்னே வச்சுக்குவோம், எங்க தாத்தாவே விதவையோட நிலம்னுதான் சொல்லியிருக்காரு. ஆனா வீடு? அந்தத் தேதில அங்க வீடு இல்ல. நீயே கொண்டு வந்த காகிதம் சொல்லுது."

"வீடு எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுது."

"எங்க இருந்துச்சுங்கிறது கேள்வி இல்ல, அர்டிஸ். எங்க இல்லைங்கிறதுதான் கேள்வி. இன்னொரு துண்டு எடுத்துக்கோயேன், நீ ஒண்ணுமே சாப்பிடல."

ஓட்டெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று பத்துக் கை எழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் இப்படிப்பட்ட ஆளுக்கு நல்ல மனுஷன் என்று பெயர்.

வெளியே கார் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள் அர்டிஸ். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"உங்க ஆசா அன்னிக்கு வாயத் திறந்தாரு, நீ இன்னிக்கு மூடிக்கிட்ட. ரெண்டுக்கும் அவளுக்குக் கிடைச்சது ஒண்ணுதான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏழு வாரம் அந்த வெட்கத்தோடுதான் சோற்றைத் தின்றேன்.

விழா அன்றைக்குக் காலையில் நான் வீட்டை டிராக்டரில் பூட்டிக்கொண்டிருந்தபோது அர்டிஸ் வந்தாள். கையில் புதிதாக எழுதிய படிவம். சாட்சிக் கையெழுத்து இரண்டும் காலி. "இன்னிக்கு நான் பரிமாறலை மெர்ல். சாலட் செஞ்சு வச்சிட்டேன், அவங்களே போட்டுக்கட்டும். நான் அவ நிலத்துல இருப்பேன்" என்றாள்.

ஊர்வலம் பன்னிரண்டரைக்கு முடிந்தது. வழக்கமாக நான் தானியக் கிடங்கு முனையில் வலது பக்கம் திரும்பி, வீட்டைக் கோர்ட் புல்வெளிக்குக் கொண்டு போய் வைக்க வேண்டும். முனையில் பிரேக்கைப் போட்டேன். ஜன்னலில் கோரின் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள். இடது பக்கம் திருப்பினேன்.

கொஞ்ச தூரத்தில் பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. டிராக்டர் சத்தத்தில் கேட்காத மாதிரி போனேன். இரண்டு மைல். அன்றைக்கு எருதுகள் எவ்வளவு வேகம் போயிருக்குமோ அதைவிடக் கொஞ்சம் கூட. சாலையோரம் ஹாலன்பெக் சோயா வயலுக்குப் பக்கத்தில் புல் அறுத்த மேடு ஒன்று இருக்கிறது. பத்திரத்தில் இருக்கிற அளவுப்படி கெசையாவின் நிலம் அதுதான். அர்டிஸ் அங்கே தன் காரை நிறுத்திவிட்டு, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டை அவளுக்கு முன்னால் நிறுத்தி இன்ஜினை அணைத்தேன்.

கோரின் தொப்பி ஒரு பக்கம் சரிய இறங்கினாள். "மெர்ல், உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று என்னிடம் கேட்டாள். அதுவே எங்கள் ஊர்க் கணக்கில் நல்ல வசவுதான். பிறகு அர்டிஸைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"ரெண்டு மணிக்குக் கல்லத் திறக்கணும். சட்டசபைக்காரர் வந்து உக்காந்திருப்பாரு. வீட்டத் திருப்பிக் கொண்டு போகச் சொல்லு."

"தாராளமா. ஒரே ஒரு கேள்வி" என்று அர்டிஸ் படிவத்தை நீட்டினாள். "இது யாரு நிலம்?"

"எங்க நிலம்."

"அன்னிக்கு?"

"விதவையோடது. அதான் கூட்டத்துலயே ஒத்துக்கிட்டேனே."

"அதுல வீடு இருக்கா?"

"இது விளையாட்டு இல்ல, அர்டிஸ். இன்னிக்கு நிக்குற வீட்டுக்கும் அந்தக் காலத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"உங்கம்மா எழுதின படிவம். வருஷம் எங்கயாவது கேக்குதா பாரு. கண்ணால பாத்தியான்னுதான் கேக்குது. ஆசா நிலத்துல அது ஒரு நாள் நின்னுச்சு. உங்க ஜோதம் நிலத்துல ஒரு நாள் நின்னப்ப சத்தியம் பண்ணாரு. இங்கயும் நிக்குது."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சரி, போடாத. பின்னாடி பக்கம் வெத்தா இருக்கு. உங்க தாத்தா எழுதின மாதிரி எழுது. விதவை நிலத்துக்குப் போனேன், வீடு எதுவும் இல்லைன்னு. எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு நீ என் கார்ல போ. இல்லாத வீட்ட மெர்ல் எப்படி இழுத்துட்டு வருவான்?"

கோரின் வயலைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், எழுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக.

"எனக்கு வீடு தெரியுது கோரின்" என்றேன். "பேனா வச்சிருக்கேன்."

முதலில் நான் போட்டேன். எங்கள் வம்சத்தில் அந்த வீட்டைப் பற்றிப் பொய் இல்லாமல் விழுந்த முதல் கையெழுத்து அது. கோரின் பேனாவை என் கையிலிருந்து வாங்கி, தொப்பியைச் சரி பண்ணிக்கொண்டு, வீட்டு வாசற்படியில் காகிதத்தை வைத்து, தன் முழுப் பெயரையும் எழுதினாள். கடைசி எழுத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது.

"சந்தோஷம்தானே?" என்றாள்.

"பேரு வெட்டின பிறகு சொல்றேன்" என்றாள் அர்டிஸ். அக்டோபரில் வெட்டினார்கள். இடமில்லை என்று சொல்லி அடியில் பொடி எழுத்தில்தான். ஆனால் வெட்டினார்கள்.

அன்றைக்கு நான் இன்ஜினைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கோரின் வழக்கம்போல வீட்டுக் கதவுப் பக்கம் போனாள். அதற்குள் அர்டிஸ் உள்ளே ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சிவப்புத் துணிக்குப் பக்கத்தில்.

"உன் கார் இங்கதானே நிக்குது அர்டிஸ்" என்றேன். "உன்ன எதுக்கு நான் இழுத்துட்டுப் போகணும்?"

"போன தடவ வீடு போனப்ப வீட்டுக்காரி உள்ள இல்ல" என்றாள். "நீ ஓட்டு."

கோரின் என் பக்கத்தில், டிராக்டர் சக்கரத்தை மூடியிருக்கிற தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, ஊர் வருகிற வரைக்கும் தொப்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.